கோதை என்னும் திருநாமம்: மாலையின் பெயர் மகளின் பெயரான வரலாறு

பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் ஆறாம் திருமொழி பிள்ளைகளுக்குப் பெயரிடும் முறைமையைப் பற்றியது. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுச் செல்வர்களின் பெயரைத் தம் மக்களுக்குச் சூட்டும் பெற்றோரை ஆழ்வார் அங்கே கடிந்துரைக்கிறார். மானிடராய்ப் பிறந்தவருக்கு மானிடரின் பெயரையே இடுவதால் மறுமைக்குப் பயனில்லை என்கிறார். அப்பெயர்களின் பெருமை நாலு நாளைக்குமேல் நில்லாது; பிச்சை எடுக்க நேர்ந்தாலும் எம்பெருமானின் நாமத்தையே இடுங்கள் என்கிறார். கேசவன், சீதரன், மாதவன், கோவிந்தன், தாமோதரன் என்ற திருநாமங்களை எடுத்துக்காட்டி, அப்பெயர் பூண்ட பிள்ளையைப் பெற்ற தாய் நரகம் புகாள் என்று அறுதியிடுகிறார். பெயரிடுதலைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசும் பதிகம் அருளிச்செயல் நாலாயிரத்துள் இது ஒன்றே எனலாம்.

இத்தகைய ஆழ்வார், துளசியின் அடியில் கண்டெடுத்த தம் திருமகளாருக்கு இட்ட பெயர் கோதை என்று குருபரம்பரைகள் கூறுகின்றன. அது எம்பெருமானின் ஆயிர நாமங்களுள் ஒன்றன்று. பெரிய பிராட்டியாரின் திருநாமமும் அன்று. மாலை என்று மட்டுமே பொருள்படும் ஒரு தமிழ்ச் சொல். ஊராருக்கு உபதேசித்த முறையைத் தம் மனையில் ஆழ்வார் கைக்கொள்ளவில்லையா என்ற ஐயம் கற்பார்க்கு எழுவது இயல்பே. இந்த ஐயத்தைத் தீர்க்கப் பெயரின் வரலாற்றை அடியிலிருந்து காணவேண்டும். கோதை என்பது வடமொழிக் கோதாவின் சிதைவு என்று கருதி, பெண்மக்களின் பெயரைத் திருத்தி எழுதுவோர் நம்மிடையே உளராதலின், இவ்வாராய்ச்சி இன்றைய வழக்குக்கும் வேண்டுவதாகிறது.

சொல்லின் பிறப்பு

கோத்தல் என்னும் வினையோடு உறவுடைய சொற்கள் கோப்பு, கோவை, கோதை என்பன. நாரில் மலரையோ நூலில் முத்தையோ கோத்து அமைத்தது கோதை. மாலை, தார், கண்ணி, தொடையல் என்று தமிழில் மாலைக்குப் பல பெயர்கள் உண்டு. பண்டை இலக்கியத்தில் கோதை பெரும்பாலும் மகளிர் கூந்தலிலும் மார்பிலும் விளங்கும் மாலையைக் குறிக்கும். அதிலிருந்து மாலை சூடிய கூந்தலையும், பின்னர் ஆகுபெயராய் மாலை சூடிய பெண்ணையும் அச்சொல் குறிக்கலாயிற்று. சிலப்பதிகாரம் முதலான காப்பியங்களில் பெண்ணைக் கோதை என்று சுட்டுவதும் விளிப்பதும் இயல்பான வழக்கு. ஆகவே ஆழ்வார் காலத்துத் தமிழர் செவியில் இச்சொல் மாலை, மங்கை என்னும் இரு பொருளையும் ஒருங்கே எழுப்பியிருக்கும்.

இதுவரை சொன்னது பொதுச்சொல்லின் வரலாறு. இதே சொல் ஒருவருக்குரிய இயற்பெயராக வழங்கிய வரலாறு வேறொன்று உண்டு. அது பெண்பாலில் தொடங்கவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

சேரர் பூண்ட பெயர்

சங்க நூல்களில் கோதை என்பது சேர அரசரின் பெயர். சேரமான் கோக்கோதை மார்பனைப் பொய்கையார் புறநானூற்று 48, 49ஆம் பாட்டுகளில் பாடியுள்ளார். அவற்றுள் முதற்பாட்டு இச்சொல்லை வைத்தே ஒரு விளையாட்டு நிகழ்த்துகிறது. அரசனும் கோதை, அவன் மார்பில் அணிந்ததும் கோதை, அவனைத் தழுவிய மகளிர் சூடியதும் கோதை. பெயரும் பொருளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சுவையைப் புலவர் நன்கு அறிந்திருந்தார். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற அரசன், தன் தேவி இறந்து ஈமத்தில் கிடக்கத் தான் இன்னும் உயிரோடிருப்பதை எண்ணி வருந்திப் பாடிய பாட்டு புறநானூற்றின் 245ஆம் பாட்டாக உள்ளது.

இலக்கியச் சான்றுக்குக் காசுச் சான்று துணை நிற்கிறது. சேரரின் தலைநகரான கரூர்ப் பகுதியில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அரசனின் தலையுருவத்தோடு மாக்கோதை என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த காசும் கிடைத்துள்ளது. நாணய ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். இக்காசுகள் கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆண்டாளின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கோதை என்பது வெள்ளியில் பொறித்த ஆண்பாற்பெயராய் இருந்தது என்பது இதனால் தெளிவு.

பிற்காலச் சேரரிடமும் இப்பெயர் தொடர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் மலைநாட்டை ஆண்ட கோதை ரவியின் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அவர்களுடைய தலைநகரமான கொடுங்கல்லூர் மகோதை எனப்பட்டது. மகோதையே வடமொழி வடிவில் மகோதயபுரம் ஆயிற்று என்பர் வரலாற்றாசிரியர். ஒரு தமிழ்ப் பெயர் தன் ஒலியை ஏறத்தாழ இழக்காமலே வடமொழியில் வேறொரு பொருளைப் பெறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதே நிகழ்ச்சி ஆண்டாளின் திருநாமத்திலும் நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

மலையாள நாட்டில் அவ்வாண்பாற்பெயர் இற்றை நாள் வரை அற்றுப்போகவில்லை. அங்கே அது கோதவர்மா என்ற வடிவில் அரச குடும்பங்களில் வழங்கி வந்தது. கொடுங்கல்லூர் அரண்மனையில் 1800 முதல் 1851 வரை வாழ்ந்த வடமொழிக் கவிஞர் ஒருவர் கோதவர்ம யுவராஜா. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908ஆம் ஆண்டு பிறந்து, கேரளத்தில் விளையாட்டுத் துறையைக் கட்டி வளர்த்தவர் கர்னல் கோதவர்ம ராஜா.

மேற்கு மலைத்தொடரின் கீழ்ப்புறத்து நிலையோ வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு, கான்சாபுரம் முதலான ஊர்கள் அம்மலையின் அடிவாரத்தை ஒட்டியவை. இங்கே கோதை என்றால் பெண். ஆண்மகனுக்கு அப்பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டில் எங்கும் இன்று இல்லை. மலையின் ஒரு புறம் அரசனின் பெயராக நின்றது மறுபுறம் முழுதும் பெண்பாலாயிற்று. காப்பிய வழக்கு இதற்கு இடம் அமைத்துக் கொடுத்தது உண்மையே. ஆயினும் சேரரின் புகழ்பெற்ற பெயரை ஆண்பாலிலிருந்து அறவே விலக்கும் ஆற்றல் வெறும் காப்பிய வழக்குக்கு உண்டு என்று கொள்ள முடியவில்லை. புதுவையில் திருவவதரித்த ஒரு பெண்பிள்ளை அப்பெயரைத் தன்னுடையதாக்கிக்கொண்டதே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

புதுவையில் ஒரு பெயர்

குருபரம்பரைகள் கலி பிறந்து தொண்ணூற்றெட்டாவதான நள ஆண்டு, ஆடித் திங்கள், பூர நட்சத்திரத்தை ஆண்டாளின் திருவவதார நாளாகக் கொள்ளும். வரலாற்று நெறியில் ஆராய்ந்தோருள் மு. இராகவையங்கார், திருப்பாவையில் கூறப்படும் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த குறிப்பைக் கணித்து, அது கி.பி. 731ஆம் ஆண்டுக்குப் பொருந்தும் என்று ஆழ்வார்கள் காலநிலை என்னும் நூலில் எழுதினார். வேறு ஆண்டுகளைக் கூறுவோரும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளின் எல்லையைப் பெரிதும் கடப்பதில்லை. நம் ஆராய்ச்சிக்கு இவற்றுள் எதனைக் கொள்ளினும் தடையில்லை.

விஷ்ணுசித்தர் என்னும் பட்டர்பிரானின் கைங்கரியம் நந்தவனம் அமைத்து மாலை கட்டி வடபெருங்கோயிலுடையானுக்குச் சமர்ப்பிப்பது. வடமதுரையில் கண்ணனுக்கு உகந்து மாலை அளித்த மாலாகாரரை முன்மாதிரியாகக் கொண்டு அவர் இதனை மேற்கொண்டார் என்று பூர்வர்கள் கூறுவர். பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்து ஏழாம் திருமொழியில், செண்பகம், மல்லிகை, செங்கழுநீர், இருவாட்சி என்று ஒவ்வொரு பூவாகக் காட்டிக் கண்ணனைச் சூட அழைக்கும் யசோதையின் குரலில் அக்கைங்கரியத்தின் மணம் கமழ்கிறது. அவருக்கு மாலை என்பது நாள்தோறும் கையால் கட்டி, தமக்கென ஓர் இதழும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடும் பொருள்.

இங்கே முன் எழுந்த ஐயத்துக்கு விடை கிடைக்கிறது. பெயரிடு பதிகத்தில் ஆழ்வார் எடுத்துக்காட்டும் நாமங்கள் யாவும் ஆண்பாலின. நாராயணன் என்று மகனை அழைக்கும் தாயின் நாவில் நாமசங்கீர்த்தனம் தானே நிகழ்ந்துவிடும் என்பது அங்கே கருத்து. அஜாமிளனின் கதை இக்கருத்துக்கு உறுதுணை. மகளைப் பெற்றவன் என் செய்வது என்று பதிகம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆழ்வாரின் செயலே அதற்கு விடை. எம்பெருமானின் நாமத்தை இட இயலாதவிடத்து எம்பெருமானுக்கே உரிய பொருளின் பெயரை இட்டார். மாலை தனக்கென இருப்பதன்று, சூடுபவனுக்காக இருப்பது. சம்பிரதாயம் சேஷத்வம் என்று கூறும் நிலையை இதனினும் எளிதாக ஒரு பெண்குழந்தையின் பெயரில் அடக்க இயலாது. ஆகவே ஆழ்வார் தம் உபதேசத்தை மீறவில்லை. மானிடப் பெயரையும் இடவில்லை.

இந்த விடைக்குத் திருமகளாரின் வாக்கிலேயே அரண் உண்டு. தந்தையார் பதிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் மானிட என்பது. நாச்சியார் திருமொழியின் முதல் திருமொழியில் திருமகளார், மானிடர்க்கு உரியவள் என்ற பேச்சு எழுந்தாலே உயிர் தரியேன் என்று அறுதியிடும் இடத்திலும் அதே சொல் வருகிறது. தந்தையார் மானிடப் பெயரை விலக்கினார். மகளார் மானிட மணத்தை விலக்கினார். மாலை என்ற பெயர் பூண்டவள் அம்மாலையை யார் சூடவேண்டும் என்று தானே முடிவு செய்கிறாள். பெயரிட்டது தந்தை, அப்பெயரின் பொருளை வாழ்ந்து நிறைவித்தது மகள்.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி மறைந்துபோக, அப்பகுதிக்கு மணவாள மாமுனிகள் வியாக்கியானம் அருளி நிறைவு செய்தார். பெயரிடு பதிகம் அப்பகுதியில் அடங்கும். நாச்சியார் திருமொழிக்கோ பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானமே நமக்கு உள்ளது. இவ்விரண்டையும் தனித்தனியே காலட்சேபம் கேட்போர், மானிட என்னும் சொல்லின் உறவைக் கருத்தில் கொண்டு இரு பதிகங்களையும் அடுத்தடுத்து அநுஸந்தித்தால் ஆழ்வாரின் திருவுள்ளம் விளங்கும்.

தன் பெயரைத் தானே பதித்தவள்

திருப்பாவையின் 30 பாசுரங்களும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களும் அவளுடைய அருளிச்செயல். திருப்பாவையின் இறுதிப் பாசுரத்திலும், நாச்சியார் திருமொழிப் பதிகங்களின் இறுதிப் பாசுரங்களுள் பெரும்பாலானவற்றிலும் கோதை என்ற பெயர் பதிக்கப்பட்டுள்ளது. அப்பெயர் ஏறக்குறைய எங்கும் தனித்து வருவதில்லை. விட்டுசித்தன், பட்டர்பிரான், புதுவை, வில்லிபுத்தூர் ஆகியவற்றுள் ஒன்றேனும் உடன் நிற்கிறது. ஆசாரியனாகிய தந்தையின் சம்பந்தத்தை முன்னிட்டே தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் இம்முறையைச் சம்பிரதாயம் போற்றுகிறது.

இதில் ஒரு நயமும் உண்டு. தன் குழலின் அழகைச் சொல்லித் தன் பெயரைப் பதிக்குமிடத்தில் கோதை என்பது மாலையாகவும் பெயராகவும் ஒருங்கே ஒலிக்கிறது. பொய்கையார் சேரனின் பெயரில் கண்ட அதே இரட்டைப் பொருள் இங்கும் உள்ளது. ஆனால் அங்கே புலவர் அரசனின் பெயரைப் பாடினார். இங்கே பெயருக்குரியவளே பாடுகிறாள். பெயர் பெற்ற ஒருத்தி தன் வாக்கில் அதனை முத்திரையாக இட்டு, அவ்வாக்கு மார்கழிதோறும் கோயில்களிலும் இல்லங்களிலும் ஒலிக்கும்போது, அப்பெயர் வேறொருவரை நினைவூட்டுவது அரிது. சேரரின் பெயர் தமிழ்நாட்டில் பெண்பாலானதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டியதில்லை.

கோதா: வடமொழியில் ஒரு மறுபிறப்பு

இனி, கோதை என்பது கோதாவின் சிதைவு என்னும் கருத்தை நோக்குவோம். இக்கருத்து எழுவதற்கு இலக்கணக் காரணம் உண்டு. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் பெண்பாற்பெயர் தமிழில் ஐகாரம் பெறும். சீதா சீதை ஆகும். ராதா ராதை ஆகும். கங்கா கங்கை ஆகும். அவ்வரிசையில் கோதா கோதை ஆயிற்று என்று கொள்வது எளிது. தமிழ் எழுத்து வல்லினத்தின் ஒலி வேறுபாட்டைக் காட்டாது என்பதும் இம்மயக்கத்துக்குத் துணை செய்கிறது.

காசுகளும் புறநானூறும் இக்கருத்தை மறுக்கின்றன. வடமொழிக் கோதாவிலிருந்து கோதை பிறந்திருந்தால் சேர வேந்தர் பலர் பெண்பாற்பெயரைப் பூண்டனர் என்று கொள்ள நேரும். மாலை என்னும் பொருளில் கோதை தமிழ்ச்சொல். அதன் வேர் தமிழிலேயே உள்ளது. எனவே மாற்றம் நிகழ்ந்த திசை மறுதலையானது. புதுவையின் கோதையே வடமொழி வழங்கும் அவையில் கோதாவாக எழுந்தருளினாள்.

இம்மாற்றம் பிழையாக நேர்ந்ததன்று. பராசர பட்டர் திருப்பாவைக்கு அருளிய வடமொழித் தனியனில் கோதா என்ற வடிவம் நிலைபெற்றது. வேதாந்த தேசிகர் 29 சுலோகங்களால் கோதாஸ்துதி அருளினார். வடமொழியில் கோ என்பது பசு, நிலம், சொல் முதலான பொருள்களை உடையது. தா என்பது கொடுப்பவள். நல்ல சொல்லைக் கொடுப்பவள் என்ற பொருள் அவளுக்கு இயல்பாகவே பொருந்தியது. கோதா என்பது கோதாவரியாற்றின் பெயரும் ஆகும். தேசிகர் ஒரு சுலோகத்தில் சோணை, துங்கபத்திரை, சரஸ்வதி, விரஜை, கோதா, நர்மதை என்னும் ஆறு நதிகளின் பெயர்களையும் சிலேடையாக அமைத்து, அவை அனைத்தையும் அவளிடமே காண்கிறார். கோதாவாக இருந்தும் தன் நாயகனுக்கு இன்சுவை அளிக்கும் நர்மதையாகவும் இருக்கிறாள் என்று அச்சுலோகம் முடிவது ரஸிகர் அறிந்ததே. தமிழ்ப் பெயரின் ஒலியில் வடமொழிப் பொருளைக் கண்டெடுத்து அர்ப்பணித்த உபயவேதாந்த நெறி இது.

இவ்வடிவம் தெலுங்கு நாட்டிலும் வேரூன்றியது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது ஸ்ரீகாகுளத்து ஆந்திர விஷ்ணு கனவில் பணித்தபடி ஆமுக்தமால்யதா என்னும் காவியத்தை இயற்றினார். சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பது அந்நூற்பெயரின் பொருள். சூடிக்கொடுத்த நாச்சியார் என்னும் தமிழ்ப் பெயரின் நேர்வடமொழி வடிவம் அது. தெலுங்கு நாட்டில் போகிப் பண்டிகையன்று கோதா கல்யாணம் நிகழ்த்தும் வழக்கம் இன்றும் சிறக்க நடைபெறுகிறது. ஆண்டாள் கோயிலுக்கு அணித்தே உள்ள இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் வாழ்கின்றனர்; ஆந்திர நாட்டிலிருந்து வந்து குடியேறியோர் என்பது அவர்கள் மரபு. புதுவையிலிருந்து கோதையாகப் புறப்பட்ட பெயர் கோதாவாகித் தன் ஊரின் அயலுக்கே மீண்டும் வந்து சேர்ந்தது.

ஆண்டாள் என்னும் பெயர்

நாலாயிரத்தில் அவள் வாக்கு எங்கும் ஆண்டாள் என்ற பெயர் இல்லை. அது பிறர் அவளுக்கு இட்டது. ஆளுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த வினையாலணையும் பெயர் அது. இதற்கு ஆண்பால் ஆண்டான். திருமாலையாண்டான், முதலியாண்டான், கந்தாடையாண்டான், திருக்கண்ணமங்கை ஆண்டான் என்று ஆசாரியர் பலர் அப்பெயர் பெற்றிருப்பதைக் காண்கிறோம். சோழர் காலத்துத் தேவியர் உலகமுழுதுடையாள் முதலான பட்டங்களைப் பூண்டதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உடையாள், ஆண்டாள் என்பன அக்காலத்து மேன்மைச் சொற்கள்.

உய்யக்கொண்டார் திருப்பாவைக்கு அருளிய தமிழ்த் தனியனில் ஆண்டாள் என்ற பெயர் வருகிறது. நாச்சியார் திருமொழிக்குத் தனியன் அருளிய திருக்கண்ணமங்கை ஆண்டான், அவளை மல்லிநாட்டை ஆண்டவளாகப் போற்றுகிறார். மல்லிநாடு என்பது ஸ்ரீவில்லிபுத்தூரைச் சூழ்ந்த பகுதியின் பழம்பெயர். மல்லி என்னும் அரசியின் பெயரால் அந்நாடும், அவள் மகன் வில்லியின் பெயரால் அவ்வூரும் வழங்கின என்று தலபுராணம் கூறும். ஓர் அரசியின் பெயரைத் தாங்கிய நாட்டை ஆண்டவளாக மாலைகட்டியின் மகள் போற்றப்பட்டாள். மாலை என்பது பிறர்க்கென இருப்பது. ஆளுதல் என்பது பிறரைத் தன்வயமாக்குவது. எதிரெதிரான இவ்விரு பெயர்களும் ஒருத்தியிடமே பொருந்துவதற்கு இடையில் நிற்பது சூடிக்கொடுத்தல் என்னும் செயல். தன்னை முழுதும் கொடுத்தவளுக்கே திருவரங்கநாதன் வயப்பட்டான் என்பது பூர்வர்களின் நிர்வாகம்.

எம்பெருமானார் காலத்தில் ஆண்டாள் என்பது இல்லப் பெண்டிரின் பெயராகவும் வழங்கியது. கூரத்தாழ்வானின் தேவிகள் ஆண்டாள் எனப்பட்டார். பராசர பட்டரைப் பெற்ற தாய் அவரே. பராசரரின் நாமத்தைத் தகுந்த ஒருவருக்கு இடவேண்டும் என்பது ஆளவந்தாரின் திருவுள்ளங்களுள் ஒன்று. எம்பெருமானார் அந்நாமத்தை இட்டு அதனை நிறைவேற்றியது கூரத்து ஆண்டாளின் திருமகனுக்கே. பெயரிடுதல் நன்றிக்கடன் தீர்க்கும் செயலாகவும் கருதப்பட்டது என்பதற்கு இது சான்று. பெரிய நம்பியின் திருமகளார் அத்துழாய் என்று பெயர் பெற்றிருந்ததும் நினைக்கத்தக்கது. துழாய் என்பது துளசி. எம்பெருமானுக்கே உரிய பொருளின் பெயரைப் பெண்ணுக்கு இடும் நெறியை ஆழ்வார் தொடங்கிவைக்க, ஆசாரியர் திருமாளிகைகள் அதனைக் காத்து வந்தன என்று இதனால் ஊகிக்கலாம்.

வழக்கில் நிற்கும் நாமம்

இருபதாம் நூற்றாண்டிலும் அப்பெயர் தன் முத்திரையை இழக்கவில்லை. 1901ஆம் ஆண்டு பிறந்து 1960இல் மறைந்த வை.மு. கோதைநாயகி அம்மாள், ஜகன்மோகினி இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். பெண்கள் தம் பெயரை அச்சில் வெளியிட அஞ்சிய காலத்தில் அவர் பெயர் அட்டைகளில் பெரிதாக அச்சிடப்பட்டது. மலைக்கு மேற்கே கோதவர்ம ராஜா வளர்ந்து வந்த அதே காலத்தில், கிழக்கே கோதைநாயகி எழுதிக்கொண்டிருந்தார். ஒரே சொல்லின் இரு கிளைகள் ஒரே தலைமுறையில் நின்றமையை இவ்விருவர் பெயரும் காட்டும்.

ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் தம்முள் வரலாற்றைப் பொதிந்து வைத்திருப்பன. வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரத்தின் பெயரில் கான் சாகிபு என்னும் பிற்காலப் பெயரின் ஒலி கேட்கிறது. அவ்வூர்களில் ஒரு குழந்தை ஆண்டாள் என்றோ கோதை என்றோ அழைக்கப்படும்போது அதனினும் பழைய வரலாறு ஒலிக்கிறது. ஆட்சி மாறும்போது ஊர்ப் பெயர் மாறக்கூடும்; அடியார் நாவில் பழகிய பெயர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆனால் அதன் உண்மை வடிவத்தை மறப்பதற்கு ஒரு தலைமுறையின் அசட்டையே போதும்.

ஆகவே கோதை என்று பெயரிட்ட பெற்றோரிடம் அது கோதா என்பதன் கொச்சை வடிவம் என்று யாரேனும் கூறினால் அவர்கள் தயங்க வேண்டியதில்லை. கோதை என்பதே ஆழ்வார் இட்டதும் அவள் தன் வாக்கில் பதித்ததுமான மூலத் திருநாமம். கோதா என்று பெயரிட்டோரும் குறைவுடையோர் அல்லர். பட்டரும் தேசிகரும் பொருள் கண்டு உகந்த வடிவம் அது. ஆண்டாள் என்று பெயரிட்டோர் உய்யக்கொண்டாரின் வழக்கைப் பின்பற்றுகின்றனர். மூன்றும் ஒருத்தியின் திருநாமங்களே. அவற்றின் பிறப்பு முறையை மட்டும் மாற்றிச் சொல்லாதிருத்தல் நம் கடமை.

பஞ்சசம்ஸ்காரத்தில் தாபம், புண்ட்ரம் ஆகியவற்றை அடுத்து வருவது நாமம். ஆசாரியன் அடிமைப் பெயர் இட்டு ஒருவனைப் புதிதாய்ப் பிறப்பிக்கிறான் என்பது சம்பிரதாயத்தின் கொள்கை. அச்சம்ஸ்காரத்தின் கருத்தைத் தம் குழந்தைக்கு இட்ட ஒரே சொல்லில் நிறைவித்தவர் பட்டர்பிரான். இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் சூடிக் களைந்த மாலை, புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருமலையப்பனுக்கும், சித்திரையில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் எடுத்துச் செல்லப்படுகிறது. அம்மாலையோடு செல்வது அவள் பெயரின் பொருளே.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.